ஆடிட்டர் ஆபீஸ்ல முந்நூறு டேப்: எந்த பிரவுசர் போட்டோம், ஏன் போட்டோம்

தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர் ஆபீஸ்ல நடந்தது இது. நாலு கம்ப்யூட்டர், எல்லாமே 8 ஜிபி ரேம், அதுல ஒண்ணு பழைய ஐ3. சார், ரொம்ப வருஷமா கணக்கு பாக்கற ஒரு அக்கா, ஆர்ட்டிகிள்ஸ் பசங்க (சிஏ படிச்சுட்டே இங்க பயிற்சி எடுக்கறவங்க) ரெண்டு பேரு, அவ்ளோதான் ஆபீஸ். கம்ப்யூட்டர் சம்பந்தமா எது வந்தாலும் எனக்கு தான் போன் வரும். இந்த தடவ வந்த கேள்வி, "தம்பி, டேப் நிறைய வச்சா தாங்கற மாதிரி நல்ல பிரவுசரா பாத்து ஒண்ணு போட்டு குடுங்களேன்."

இந்த கேள்விக்கு பதில் சொல்றது ஈஸி. ஆளாளுக்கு ஒரு பேரு சொல்லுவாங்க, எல்லாரும் அவங்கவங்க யூஸ் பண்றத தான் சொல்லுவாங்க. ஆனா அங்க போய் உக்காந்து பாத்தா பிரச்சனை வேற எடத்துல இருந்துச்சு, அதனால தான் இத முழுசா எழுதறேன், இதே மாதிரி ஆபீஸ் நிறைய இருக்கு.

போன உடனே பாத்தது

அக்காவோட மெஷின்ல க்ரோம் திறந்திருக்கு. மேல டேப் வரிசைல எழுத்தே இல்ல, வெறும் குட்டி குட்டி ஐகான் தான். க்ரோம் டேப் கூட கூட ஒவ்வொண்ணையும் சுருக்கிட்டே போகும், ஒரு கட்டத்துக்கு மேல பேரு மறைஞ்சு ஐகான் மட்டும் நிக்கும். சாதாரணமா ஒருத்தர் யூட்யூப், ஜிமெயில், நியூஸ்னு வச்சிருந்தா ஐகான பாத்தே கண்டுபிடிச்சிடலாம். இங்க முக்காவாசி டேப் ஜிஎஸ்டி போர்ட்டலும் இன்கம் டேக்ஸ் போர்ட்டலும் தான், எல்லாம் ஒரே ஐகான். அக்கா ஒவ்வொண்ணு மேலயும் மவுஸ வச்சு வச்சு, "இது இல்ல, இது இல்ல, இதுவும் இல்ல"ன்னு தேடிட்டு இருந்தாங்க. அது போக இன்னொரு விண்டோ கருப்பா இன்காக்னிட்டோ, கீழ டாஸ்க்பார்ல எட்ஜும் திறந்திருக்கு.

"ஏங்கக்கா மூணு பிரவுசர்?"ன்னு கேட்டேன்.

"ஒரு கிளையன்ட்ட க்ரோம்ல லாகின் பண்ணிருக்கேன்ப்பா, இன்னொருத்தருத அதுலயே பண்ணா முதல்ல இருந்தது வெளிய போயிடும்ல, அதான் ரெண்டாவது ஆளு கருப்பு விண்டோல, மூணாவது ஆளு எட்ஜ்ல."

இது தான் கேஸ். டேப் எண்ணிக்கை இல்ல. ஒரே சைட்டுக்குள்ள பத்து பேரோட ஐடில போய் வேலை பாக்கணும், பிரவுசர் ஒரு நேரத்துல ஒரு ஐடிய தான் ஞாபகம் வச்சுக்கும். குக்கீ (யாரு லாகின்ல இருக்காங்கன்னு பிரவுசர் வச்சுக்கற குறிப்பு) வைக்கற டப்பா ஒரு ப்ரொஃபைலுக்கு ஒண்ணு தான். இன்காக்னிட்டோ விண்டோ எத்தன திறந்தாலும் அதுங்க எல்லாத்துக்கும் சேர்த்து தனியா ஒரே டப்பா, ரெண்டு இன்காக்னிட்டோ விண்டோல ரெண்டு கிளையன்ட் வைக்க முடியாது. அதனால ஆளுக்கு ஒரு பிரவுசர்னு பரவி, புக்மார்க்கும் மூணு எடத்துல சிதறி, எத எதுல சேவ் பண்ணோம்னு யாருக்கும் தெரியல. சர்குலர் லிங்க் ஒண்ணு வேணும்னா மூணு பிரவுசர்லயும் தேடணும், இல்லன்னா கூகுள்ல புதுசா தேடணும், அவங்க ரெண்டாவத தான் பண்ணிட்டு இருந்தாங்க.

20ஆம் தேதி சாயங்காலம்

எனக்கு போன் வர காரணம் வேற. 3பி (மாசாமாசம் போடற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) ஃபைல் பண்ற கடைசி நாள், எல்லா ஆடிட்டர் ஆபீஸும் தலைகீழா நிக்கற நாள். அன்னைக்கு ஆர்ட்டிகிள்ஸ் தம்பி ஒருத்தர் மெஷின் ஸ்லோ ஆகுதுன்னு ரீஸ்டார்ட் பண்ணப் போய், முதல்ல நூறு டேப் இருந்த பெரிய விண்டோவ மூடிட்டு, அப்புறம் ஓரமா திறந்திருந்த சின்ன விண்டோவ மூடிருக்காரு. திரும்ப திறந்தா ரெண்டு டேப் தான் வந்துச்சு. விட்ட எடத்துல இருந்து தொடருன்னு செட்டிங் போட்டிருந்தாலும், விண்டோவ ஒவ்வொண்ணா மூடினா கடைசியா மூடினது தான் "விட்ட எடம்". இது க்ரோம் மட்டும் இல்ல, ஏறக்குறைய எல்லா பிரவுசரும் அப்படித்தான். அந்த நிமிஷமே கண்ட்ரோல் ஷிஃப்ட் டி (T) அடிச்சிருந்தா பெரிய விண்டோ மொத்தமா திரும்பி வந்திருக்கும், ஹிஸ்டரி மெனுல கூட "சமீபத்துல மூடியது"ன்னு இருக்கும். பதட்டத்துல அவரு மறுபடி மறுபடி பிரவுசர மூடி திறந்து, அதுவும் போச்சு.

ரிட்டர்ன் எல்லாம் ராத்திரிக்குள்ள ஃபைல் பண்ணிட்டாங்க, அதுல நஷ்டம் இல்ல. போனது என்னன்னா அந்த பெரிய விண்டோல சார் ஒரு அப்பீலுக்காக மூணு வாரமா தேடி திறந்து வச்சிருந்த தீர்ப்பு, நோட்டிஃபிகேஷன் டேப் எல்லாம். அத அவரு புக்மார்க் பண்ணல. ஏன் பண்ணலன்னு கேட்டேன், "புக்மார்க்ல போட்டா மறந்துடுவேன் தம்பி, கண்ணு முன்னாடி இருந்தா தான் வேலை நடக்கும்"னாரு.

இத சோம்பேறித்தனம்னு ஒதுக்கிட முடியாது. 2021ல கார்னெகி மெலன் யூனிவர்சிட்டி ஆளுங்க டேப் பழக்கத்த பத்தி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுலயும் வந்தது இது தான்: மூடினா திரும்ப கிடைக்காதோன்னு பயம், கண்ணுல படலன்னா மறந்துடுவோம்னு பயம். அதுல கலந்துக்கிட்டவங்கள்ல கிட்டத்தட்ட கால்வாசி பேரு டேப் அதிகமாகி பிரவுசரோ கம்ப்யூட்டரோ க்ராஷ் ஆனதா சொல்லிருக்காங்க. ஆக சாருக்கு "டேப்ப குறைங்க சார்"னு அறிவுரை சொல்றது வேலைக்கு ஆகாது, சொல்லவும் இல்ல.

டேப்ப பிரிச்சு பாத்தா

அக்கா மெஷின்ல இருந்தத உக்காந்து பிரிச்சோம். முந்நூறுக்கு பக்கத்துல இருந்துச்சு. மூணு சாதி. ஒண்ணு, இப்ப ஓடிட்டு இருக்கற வேலை, கிளையன்ட் லாகின், ஓடிபிக்கு காத்திருக்கறது, பாதி நிரப்புன ஃபார்ம். ரெண்டு, "அப்புறம் பாக்கணும்" வகை, சாரோட தீர்ப்பு டேப் மாதிரி எல்லாம் இந்த வகை தான். மூணாவது, தினம் போற எடம், போர்ட்டல் முகப்பு, பேங்க், சலான் பக்கம், இது பின் பண்ணியோ புக்மார்க் பார்லயோ இருக்க வேண்டியது, ஆனா தினம் புதுசா திறந்து திறந்து ஒரே பக்கம் பத்து டேப்ல கிடக்கு.

மூணாவது வகை மட்டுமே கிட்டத்தட்ட பாதி. அத மூடினதுலயே மெஷினுக்கு மூச்சு வந்துச்சு. முதல் வகைக்கு வேண்டியது லாகின தனித்தனியா பிரிக்கறது. ரெண்டாவதுக்கு வேண்டியது கண்ணுலயும் படணும், கரண்ட் போனாலும் போகக்கூடாது. இத வச்சு தான் பிரவுசர பாக்க ஆரம்பிச்சோம், எது ஃபாஸ்ட்டு, எது அழகா இருக்குங்கறதெல்லாம் அப்புறம். டெஸ்ட் எல்லாம் அந்த பழைய ஐ3ல தான் போட்டோம், அதுல ஓடினா மத்ததுல ஓடும்.

க்ரோம், எட்ஜ், விவால்டி

க்ரோம்லயே இருந்தா என்னன்னு முதல்ல பாத்தோம், பழகினத மாத்தறது தான் ஆபீஸ்ல பெரிய செலவு. டேப் க்ரூப் 2020லேர்ந்து இருக்கு, கிளையன்ட் பேர்ல கலர் க்ரூப் போட்டு சுருக்கி வைக்கலாம். கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அடிச்சா திறந்திருக்கற டேப்ப பேர் சொல்லி தேடலாம், இது நிறைய பேருக்கு தெரியாது. மெமரி சேவர் போட்டா ரொம்ப நேரம் தொடாத டேப்ப தூங்க வைக்கும், பாதி நிரப்புன ஃபார்ம் இருந்தா தூங்க வைக்காதுன்னு கூகுள் சொல்லுது, இருந்தாலும் போர்ட்டல் ரெண்டையும் "எப்பவும் ஆக்டிவா வை" லிஸ்ட்ல சேத்துடறது புத்திசாலித்தனம். ஆனா லாகின் பிரச்சனைக்கு க்ரோம் கிட்ட இருக்கற வழி ப்ரொஃபைல். ஒரு ப்ரொஃபைலுக்கு ஒரு விண்டோ, தனி புக்மார்க், தனி எக்ஸ்டென்ஷன். வீட்டு கணக்கு ஒண்ணு, ஆபீஸ் கணக்கு ஒண்ணுன்னு ரெண்டு வச்சுக்க அருமையான ஏற்பாடு. பத்து கிளையன்ட்டுக்கு பத்து ப்ரொஃபைல்னா பத்து எடத்துல புக்மார்க், சிதறல் இன்னும் மோசமாகும்.

எட்ஜ் உண்மையிலயே நல்லா இருக்கு, இத சொன்னா சிரிப்பாங்க ஆனா டேப் விஷயத்துல மைக்ரோசாஃப்ட் முன்னாடியே யோசிச்சிருக்காங்க. 2021 மார்ச்லயே டேப்ப இடது பக்கம் செங்குத்தா அடுக்கற வசதி குடுத்துட்டாங்க, தூங்கற டேப்பும் அதே வருஷம் ஜனவரில வந்துடுச்சு. ஸ்க்ரீன் அகலமா இருக்கு, உயரம் கம்மி, அப்ப டேப்ப பக்கவாட்டுல அடுக்கினா தானே பேரு படிக்க முடியும். அக்காவுக்கு இது ரொம்ப பிடிச்சுது. ஆனா லாகின் விஷயத்துல இதுவும் க்ரோம் மாதிரியே ப்ரொஃபைல் தான், உள்ள என்ஜின் ஒண்ணு தானே.

விவால்டிய நான் ஆசையா எடுத்துட்டு போனேன். ஓப்பராவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜான் வான் டெட்ஷ்னர் அங்கேர்ந்து வெளிய வந்து 2015ல காட்டின பிரவுசர், டேப் நிறைய வைக்கறவங்களுக்குன்னே செஞ்சது. ஒரு டேப் மேல இன்னொண்ண போட்டு அடுக்கலாம், ரெண்டு தீர்ப்ப ஒரே டேப்ல பக்கத்து பக்கத்துல வச்சு படிக்கலாம், ஒர்க்ஸ்பேஸ் இருக்கு, திறந்திருக்கற மொத்த டேப்பையும் பேரு குடுத்து செஷனா சேவ் பண்ணலாம். சாருக்கு அந்த பக்கத்து பக்கத்துல பாக்கறது பிடிச்சு போச்சு. ஆனா ஐ3 மெஷின்ல திணறுச்சு, விவால்டியோட மேல்தோற்றமே வெப் பக்கம் மாதிரி ஜாவாஸ்க்ரிப்ட்ல கட்டினது, மெஷின் வீக்கா இருந்தா அது தெரியும். செட்டிங் பக்கம் வேற கடல், ஆர்ட்டிகிள்ஸ் தம்பி ஒருத்தர் உள்ள போய் கலர் மாத்திட்டே இருந்தாரு.

ப்ரேவ் பத்தி கேப்பீங்க, இந்த கேஸ்ல அப்ப அது எட்ஜ் சொன்ன பதில தான் சொல்லுச்சு, விட்டுட்டோம்.

எத நம்பறது?

இந்த எடத்துல சார் ஒரு கேள்வி கேட்டாரு, ஆடிட்டர் புத்தி: "இப்ப நல்லா இருக்கு தம்பி, அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வசதிய தூக்கிட்டாங்கன்னா என் லிஸ்ட் எல்லாம் எங்க போவும்?"

தூக்குவாங்க. தூக்கிருக்காங்க. ஃபயர்ஃபாக்ஸ் 4ல, 2011ல, பனோரமான்னு ஒண்ணு குடுத்தாங்க, டேப்ப பெரிய பலகைல படம் படமா பரப்பி கட்டம் கட்டமா பிரிக்கலாம், அப்ப அது மாதிரி வேற எங்கயும் கிடையாது. யூஸ் பண்றவங்க கம்மின்னு 2016ல ஃபயர்ஃபாக்ஸ் 45ல எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் நவம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தப்ப பழைய வகை ஆட்-ஆன் (எக்ஸ்டென்ஷனுக்கு ஃபயர்ஃபாக்ஸ்ல பேரு) மொத்தமும் ஒரே நாள்ல நின்னு போச்சு, டேப்ப நிர்வாகம் பண்ண வருஷக்கணக்கா அதுங்கள நம்பி இருந்தவங்க எல்லாம் அநாதையா நின்னாங்க. ஓப்பரா 2013ல என்ஜின் மாத்தி 15ஆம் வெர்ஷன் விட்டப்ப புக்மார்க் வசதியே இல்லாம விட்டாங்க, பிரவுசர்ல புக்மார்க் இல்ல, யோசிச்சு பாருங்க, அடுத்த வருஷம் தான் திரும்ப குடுத்தாங்க. ஆர்க் எல்லாரும் புகழ்ந்த பிரவுசர், 2023ல 1.0 வந்துச்சு, 2024 கடைசிக்குள்ளயே இனிமே புது வசதி எதுவும் சேக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க, 2025ல அந்த கம்பெனிய அட்லாசியன்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனி 61 கோடி டாலருக்கு வாங்குறதா அறிவிச்சாங்க. பாக்கெட், அப்புறம் படிக்கலாம்னு லிங்க் சேத்து வைக்கற சர்வீஸ், ஃபயர்ஃபாக்ஸ் செய்யற மொசில்லா கைல இருந்தது, அதையும் 2025 ஜூலைல மூடிட்டாங்க.

எல்லாத்தையும் விட பாடம் கிரேட் சஸ்பெண்டர் கதை தான். க்ரோம்ல டேப்ப தூங்க வைக்கற எக்ஸ்டென்ஷன், 20 லட்சம் பேருக்கு மேல வச்சிருந்தாங்க. 2020ல அத செஞ்சவரு வேற யாரோ ஒரு பார்ட்டிக்கு கைமாத்தி விட்டாரு, வாங்கினது யாருன்னே வெளிய தெரியல. 2021 பிப்ரவரில அதுல மால்வேர் இருக்குன்னு கூகுள் தூக்கிட்டாங்க, எல்லார் பிரவுசர்லயும் ஆஃப் ஆயிடுச்சு. தூங்கிட்டு இருந்த டேப் எல்லாம் அந்த எக்ஸ்டென்ஷனோட சொந்த பக்கமா திறந்திருந்ததால மொத்தமா காணாம போச்சு. தப்பிச்சவங்க எப்படி தப்பிச்சாங்கன்னா, அந்த நீளமான முகவரியோட வால்ல உண்மையான லிங்க் ஒளிஞ்சு இருந்துச்சு, ஹிஸ்டரிலேர்ந்து அத எடுத்து முன்னாடி பாகத்த வெட்டி எறிஞ்சுட்டு திறந்தாங்க. நூறு டேப்புக்கு நூறு தடவ.

ஆக நான் சார்கிட்ட சொன்னது: வசதிய வச்சு தேர்ந்தெடுக்காதீங்க, வசதி வரும் போகும், உங்க லிஸ்ட் எந்த ஃபைல்ல இருக்கு, அத நீங்களே எடுத்து வேற எடத்துல வைக்க முடியுமா, அத வச்சு தேர்ந்தெடுங்க. எக்ஸ்டென்ஷன் கைல மட்டும் இருக்கற டேப் உங்களது இல்ல.

இதுல புக்மார்க் எவ்வளவோ மேல். எந்த பிரவுசர்லயும் புக்மார்க்க எக்ஸ்போர்ட் பண்ணா ஒரு எச்டிஎம்எல் ஃபைல் வரும், அத நோட்பேட்ல திறந்து முதல் வரிய பாருங்க, "நெட்ஸ்கேப் புக்மார்க் ஃபைல் 1"னு இருக்கும். நெட்ஸ்கேப்ங்கற பழைய பிரவுசருக்கு 2008லயே சப்போர்ட் நிறுத்தியாச்சு, அது விட்டுட்டு போன ஃபைல் முறைய இன்னைக்கும் க்ரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாம் படிக்குது. சார் அந்த வரிய பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு. டேப் லிஸ்ட்டுக்கு அப்படி ஒரு பொது முறை கிடையாது, ஒவ்வொருத்தரும் அவங்க இஷ்டத்துக்கு வைக்கறாங்க, நோட்பேட்ல திறந்தா குப்பையா தெரியும்.

ஃபயர்ஃபாக்ஸ் போட்டது

கடைசில ஃபயர்ஃபாக்ஸ் தான். பனோரமாவ தூக்கினவங்க தான், ஆட்-ஆன கொன்னவங்க தான், தெரிஞ்சே தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, கன்டெய்னர். மொசில்லாவே குடுக்கற மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, அத போட்டா ஒரே விண்டோக்குள்ள ஒவ்வொரு டேப்புக்கும் தனி குக்கீ டப்பா குடுக்கலாம். பச்சை டேப்ல ஒரு கிளையன்ட் லாகின், பக்கத்துலயே ஆரஞ்சு டேப்ல இன்னொரு கிளையன்ட், அதே போர்ட்டல், ஒண்ணு இன்னொண்ண வெளிய தள்ளாது. புக்மார்க், ஹிஸ்டரி எல்லாம் பொது, சிதறாது.

அக்கா முதல் தடவ ரெண்டு கிளையன்ட்ட ஒரே விண்டோல திறந்துட்டு, பயந்து பயந்து முதல் டேப்புக்கு போய் டேஷ்போர்ட்ல பேர பாத்தாங்க. மாறல. ரெண்டாவதுக்கு போனாங்க. அதுவும் மாறல. "ஏம்ப்பா இத ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லிருக்கக்கூடாதா?"ன்னாங்க.

ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு கன்டெய்னர்னு போடல, நூத்துக்கணக்குல கிளையன்ட் இருக்காங்க, அது நிக்காது. மேசை 1, மேசை 2ன்னு ஆறு கன்டெய்னர் போட்டோம், ஆறு கலர். இப்ப யாரு வேலை ஓடுதோ அவங்க ஒரு மேசைல உக்காருவாங்க, முடிஞ்சா லாகவுட் பண்ணிட்டு அடுத்த ஆளு. ஒரே நேரத்துல ஆறு கிளையன்ட்டுக்கு மேல ஒருத்தரால பாக்க முடியாதுங்கறது சாரோட கணக்கு.

ஒரு எச்சரிக்கை. கன்டெய்னர் குக்கீய தான் பிரிக்கும், சேவ் பண்ண பாஸ்வேர்ட பிரிக்காது, எந்த கலர்ல திறந்தாலும் பாஸ்வேர்ட் லிஸ்ட் மொத்தமும் வந்து நிக்கும். தப்பான கிளையன்ட் பேர தேர்ந்தெடுக்க சான்ஸ் இருக்கு. கிளையன்ட் பாஸ்வேர்ட பிரவுசர்ல வச்சே ஆகணும்னா ப்ரைமரி பாஸ்வேர்டாவது (அந்த லிஸ்ட் மொத்தத்தையும் பூட்டற ஒரே பாஸ்வேர்ட்) போடுங்க, இல்லன்னா மெஷின் முன்னாடி உக்கார்ற யாரு வேணா ரெண்டு க்ளிக்ல எல்லாத்தையும் படிக்கலாம். வைக்காம இருந்தா இன்னும் நல்லது, அது தனி கதை.

செங்குத்து டேப் ஃபயர்ஃபாக்ஸ்ல 2025 மார்ச்ல 136ஆம் வெர்ஷன்ல தான் வந்துச்சு, டேப் க்ரூப் அடுத்த மாசம் 138ல, மத்தவங்களுக்கு அப்புறம் ரொம்ப லேட்டு. ஆனா வந்துடுச்சு, எட்ஜ்ல அக்காவுக்கு பிடிச்சது இங்கயும் கிடைச்சுது. செங்குத்தா அடுக்கும் போது கன்டெய்னர் கலர் கோடா தெரியறதால, பேரும் ஐகானும் ஒரே மாதிரி இருந்தாலும் எது யாரோடதுன்னு தூரத்துலேர்ந்தே தெரியுது. பழைய ஐ3ல திறக்கறப்ப திணறல் இல்ல, ஏன்னா பழைய செஷன திரும்ப கொண்டு வரும்போது லிஸ்ட்ட மட்டும் காட்டும், நீங்க க்ளிக் பண்ற டேப் தான் லோடு ஆகும். இன்னொண்ணு, டேப் லிஸ்ட் மெனுல டூப்ளிகேட் டேப்ப மொத்தமா மூட ஒரு வழி இருக்கு, அந்த மூணாவது சாதி டேப்புக்கு அது தான் மருந்து.

அட்ரஸ் பார்ல ஒரு சின்ன விஷயம், இத தான் பசங்க உடனே பிடிச்சுக்கிட்டாங்க. % போட்டு ஒரு இடைவெளி விட்டு தேடினா திறந்திருக்கற டேப்ல மட்டும் தேடும், * போட்டா புக்மார்க்ல, ^ போட்டா ஹிஸ்டரில, + போட்டா டேக்ல (புக்மார்க் மேல நாமளே ஒட்டற லேபிள்). மவுஸ தொட வேண்டாம்.

புக்மார்க் சுத்தம்

இது தான் நேரம் பிடிச்ச வேலை. மூணு பிரவுசர்லேர்ந்தும் எக்ஸ்போர்ட் பண்ணி உள்ள கொண்டு வந்தா, "இம்போர்ட்டட்" ஃபோல்டருக்குள்ள "இம்போர்ட்டட்", அதுக்குள்ள இன்னொரு "இம்போர்ட்டட்". முன்னாடி மெஷின் மாத்தினப்ப எல்லாம் யாரோ இம்போர்ட் பண்ணிருக்காங்க, யாரும் பிரிச்சு வைக்கல.

பாதி லிங்க் செத்தது. வருமான வரி ஈ-ஃபைலிங் போர்ட்டல் 2021 ஜூன் 7 அன்னைக்கு புது முகவரிக்கு மாறுச்சு, அதுக்கு முன்னாடி போட்ட புக்மார்க் எல்லாம் இன்னும் அங்கயே கிடந்துச்சு. சர்குலர், நோட்டிஃபிகேஷன் பிடிஎஃப் லிங்க்கும் சைட்ட மாத்தி அமைக்கும்போது உடையும். அதனால ஒரு விதி போட்டோம்: போற எடத்துக்கு புக்மார்க், படிக்கற காகிதத்துக்கு டவுன்லோடு. தீர்ப்பு, சர்குலர் எதுவா இருந்தாலும் பிடிஎஃப்ஆ எறக்கி ஆபீஸ் ஃபோல்டர்ல நம்பரும் தேதியும் போட்டு வைக்கணும், லிங்க் கூடுதலா இருந்துட்டு போகட்டும்.

ஃபோல்டரா டேக்கான்னு ஒரு சண்ட. சாருக்கு ஃபோல்டர், அவரு மனசுல எல்லாமே அலமாரி. ஆனா ஒரு தீர்ப்பு உள்ளீட்டு வரி வரவுக்கும் (ஐடிசி) பொருந்தும், கால தாமதத்துக்கும் பொருந்தும், ஃபோல்டர்ல ஒரு எடத்துல தான் வைக்க முடியும். ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்ல டேக் இருக்கு, க்ரோம்ல கிடையாது. ஆனா இங்க நான் தான் பிரேக் போட்டேன், டேக்க நம்பி முழுசா இறங்க வேண்டாம்னு. எச்டிஎம்எல்ஆ எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஃபயர்ஃபாக்ஸ் டேக்க எழுதிடும், ஆனா நாளைக்கு க்ரோமுக்கு போனா அது கண்டுக்காது. அதனால முக்கியமான சொல் புக்மார்க் பேர்லயே இருக்கணும், "ஐடிசி - கால தாமதம் - மெட்ராஸ் ஐகோர்ட்"னு பேர நீளமா வச்சா எந்த பிரவுசர்லயும் தேடினா மாட்டும். டேக் மேல கொஞ்சம் தூவினா போதும். ஃபோல்டர் மொத்தமே அஞ்சாறு, அதுக்குள்ள ஃபோல்டர் கிடையாது.

சாரோட "கண்ணு முன்னாடி" பிரச்சனைக்கு: ஒவ்வொரு அப்பீலுக்கும் ஒரு டேப் க்ரூப், கேஸ் பேரு போட்டு. சாயங்காலம் கிளம்பும்போது அந்த க்ரூப்ல இருக்கற டேப்ப செலக்ட் பண்ணி புக்மார்க் ஃபோல்டரா போட்டுடணும். எல்லா டேப்பையும் ஒரே அடில போடறதுக்கு கண்ட்ரோல் ஷிஃப்ட் D, டி ஃபார் டெல்லி, முன்னாடி சொன்ன மூடினத திறக்கறது கண்ட்ரோல் ஷிஃப்ட் T, டி ஃபார் டைகர், இத சாருக்கு பேப்பர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிருக்கு. டேப் கண்ணுல இருக்கும், நகல் புக்மார்க்ல இருக்கும், ரெண்டு பயமும் தீரும்.

பேக்கப்புக்கு ஃபயர்ஃபாக்ஸ் தானாவே ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ள புக்மார்க் நகல் எடுத்துட்டே இருக்கும், கடைசி 15 நகல் வரைக்கும் வச்சிருக்கும். யாராவது தெரியாம ஃபோல்டர டெலீட் பண்ணா புக்மார்க் மேனேஜர்ல "ரீஸ்டோர்"ல தேதிய தேர்ந்தெடுத்தா போதும், ஆனா அந்த தேதிக்கு அப்புறம் சேத்தது போயிடும், அத யோசிச்சு பண்ணணும். ஹார்ட் டிஸ்க்கே போச்சுன்னா இதுவும் போகும், அதனால வாரம் ஒரு தடவ எச்டிஎம்எல் எக்ஸ்போர்ட் ஒண்ணு அக்கா எடுத்து டேலி பேக்கப் போற பென் டிரைவ்லயே போடறாங்க. சின்க் (எல்லா மெஷின்லயும் புக்மார்க்க ஒரே மாதிரி வைக்கற வசதி) போட்டிருக்கே, அதுவே பேக்கப் தானேன்னு தம்பி கேட்டாரு. இல்ல. ஒரு மெஷின்ல டெலீட் பண்ணா சின்க் எல்லா மெஷின்லயும் டெலீட் பண்ணும், அது அதோட வேலை.

இப்ப எப்படி ஓடுது

மூணு மெஷின்ல ஃபயர்ஃபாக்ஸ். நாலாவது, சாரோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மாட்டற மெஷின், அதுல எட்ஜ் அப்படியே இருக்கு, அங்க கையெழுத்து ஒழுங்கா விழுது, அத தொடமாட்டேன்னு சொல்லிட்டேன். தம்பிங்கள்ல ஒருத்தருக்கு விவால்டி மேல ஆசை போகல, அவரு சொந்த லேப்டாப்ல அது தான் வச்சிருக்காரு, ஆபீஸ் புக்மார்க் ஃபைல அதுல இம்போர்ட் பண்ணி பாத்தாரு, பேரெல்லாம் நீளமா இருக்கறதால தேடினா எல்லாம் கிடைக்குது, டேக் மட்டும் வரல, எதிர்பாத்தது தான்.

டேப் எண்ணிக்கை குறைஞ்சுதான்னு கேட்டா, அக்கா மெஷின்ல குறைஞ்சிருக்கு, சார் மெஷின்ல கூடிருக்கு. அப்பீல் ஒவ்வொண்ணுக்கும் தனி க்ரூப்னு ஆனதும் அவருக்கு தைரியம் வந்துடுச்சு. ஐ3 மெஷின்ல மட்டும் ரேம் இன்னும் 8 ஜிபி போடலாம்னு இருக்கு, போர்டுல ஒரு ஸ்லாட் காலியா இருக்கு. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1லேர்ந்துங்கறதால செக்‌ஷன் நம்பர் மாறுது, புக்மார்க் பேர்ல பழைய நம்பர் போட்டதெல்லாம் பக்கத்துல புது நம்பரும் சேக்கணும், அந்த வேலைய ஆர்ட்டிகிள்ஸ் ரெண்டு பேருக்கும் பாதி பாதியா பிரிச்சு குடுத்திருக்காரு சார்.